மின்சாரமும் குப்பையும்: தொடங்கும்போது இருக்கும் உற்சாகம் ஏன் தங்குவதில்லை?

மல்லாவிப் பூவரசு

வணக்கம். மற்றவர்கள் எழுதுவதை வாசித்துவிட்டுச் சத்தமில்லாமல் போகிறவள் நான். இன்று கேட்க ஒன்று இருக்கிறது.

வீட்டுக் குப்பையைக் குறைப்பதிலும் மின்சாரத்தை அளவோடு பாவிப்பதிலும் எனக்கு மெய்யான அக்கறை உண்டு. குசினிக்குப் பின்னால் உரப்பைகளைக் கட்டித் தொங்கவிட்டு, போத்தலுக்கு ஒன்று, பொலித்தீனுக்கு ஒன்று, தகரத்துக்கு ஒன்று என்று பிரித்தேன். சந்தைக்குப் பன்பை கொண்டுபோனேன். மரக்கறிக் கழிவுக்குக் கிடங்கு வெட்டுவித்தேன். அறையை விட்டு வெளியே வந்தால் விளக்கை அணைக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சட்டம் போட்டேன். தொடக்கத்தில் வீடே என் சொல் கேட்டது. இப்போது மூன்று பைக்குள்ளும் மூன்று விதக் குப்பையும் கிடக்கிறது. கிடங்கைக் கீரிப்பிள்ளையும் பக்கத்து வளவுக் கோழிகளும் கிளறுகின்றன. ஆளில்லாத அறையில் மின்விசிறி சுற்றுகிறது. நான் ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு போகிறேன். பின்னால் யாரோ போட்டுக்கொண்டு வருகிறார்கள்.

வீட்டுக்காரர், "கட்டணத்தை நான்தானே கட்டுகிறேன்" என்கிறார். மாமி அதற்கும் ஒரு படி மேலே போய், "இருட்டுக்குள் இருந்தது போதாதா பிள்ளை?" என்று கேட்டார். அதன் பிறகு எனக்கு வாயே எழும்பவில்லை.

மனம் சலிக்காமல் இதைத் தொடர்கிறவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா? எப்படி முடிகிறது? "பூமியைக் காப்போம்" என்ற வாசகம் மட்டும் வேண்டாம். அதைப் பள்ளிக்கூடச் சுவரில் எழுதுவித்தவளே நான்தான்.

குளக்கட்டு

நேராகவே சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். உங்கள் வீட்டு விளக்கை அணைத்து என்ன ஆகப்போகிறது? நுரைச்சோலையில் 900 மெகாவாட்டுக்கான நிலக்கரி உலைகள் நிற்கின்றன. 2022 மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரத்தை வெட்டினார்கள். அது நீங்களும் நானும் விளக்கை அணைக்க மறந்ததாலா வந்தது? டொலர் இல்லை, எண்ணெய் இல்லை, அவ்வளவுதான். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுக்க இருண்டு போனது. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்துவிட்டது என்று அமைச்சரே சொன்னார். அந்தக் குரங்கு ஒரு பாய்ச்சலில் செய்த மின்சிக்கனத்தை மல்லாவி முழுவதும் சேர்ந்தாலும் செய்ய முடியுமா என்று யோசித்துப் பாருங்கள்.

உங்கள் மாமி சொன்னதுதான் சரி.

பரந்தன் மின்கம்பி

குரங்குக் கதைக்குச் சிரித்துவிட்டேன், குளக்கட்டு அண்ணா. ஆனால் நாட்டுக் கணக்கு வேறு, வீட்டுக் கணக்கு வேறு. நான் வீடுகளுக்கு வயரிங் செய்கிறவன். எனக்குத் தெரிந்தது வீட்டுக் கணக்கு.

பூவரசு அக்கா, வீடுகளில் சண்டை நடப்பது பெரும்பாலும் ஒன்றுக்கும் பெறாத சாமான்களைப் பற்றித்தான். தொலைபேசிச் சார்ஜரைச் சுவரில் விட்டுவிட்டான் என்று பிள்ளைக்கு ஏச்சு விழும். அது மாதம் முழுவதும் சும்மா கிடந்தாலும் கால் அலகு எடுக்காது. 9 வாட் எல்.இ.டி. மின்குமிழ் ஒன்று இரவில் ஐந்து மணித்தியாலம் எரிந்தால், மாதத்துக்கு ஒன்றரை அலகுகூட வராது. அதே வீட்டில் ரைஸ் குக்கர் விடியற்காலையில் சோற்றை ஆக்கிவிட்டு மத்தியானம் வரை சூடாக்கும் நிலையிலேயே கிடக்கும். அதற்கு 40 வாட் என்று வைத்தாலும், ஆறு மணித்தியாலத்துக்குக் கால் அலகு. மாதத்துக்கு ஏழு அலகு. அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. சோறு வெந்ததும் வயரைக் கழற்றிவிட்டு மூடியைத் திறக்காமல் வைத்தால் நல்ல நேரம் சூடு நிற்கும்.

அடுத்தது மின்விசிறி. பழைய கூரை மின்விசிறி 75 வாட் அளவில் எடுக்கும். இரவு பத்து மணித்தியாலம் ஓடினால் மாதத்துக்கு 22 அலகுக்கு மேல். பிரஷ் இல்லாத மோட்டர் உள்ள புதியது அதே காற்றுக்கு 30 வாட் அளவில்தான் எடுக்கும். 9 அலகோடு முடியும். விலை கூடத்தான். ஆனால் ஒரு தடவை மாற்றினால் அதன் பிறகு யாரும் எதையும் நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை. எங்கள் பக்கத்து வெக்கையில் சித்திரையில் மின்விசிறியை நிறுத்து என்று ஒரு மனிதரிடம் சொல்வது நியாயமே இல்லை.

பிறகு கிணற்று மோட்டர். இதைப் பற்றி நிறைய எழுதலாம், சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு குதிரைவலு மோட்டர் ஓடும்போது ஏறக்குறைய ஒரு கிலோவாட் இழுக்கும். அரை மணித்தியாலத்தில் தாங்கி நிறைய வேண்டும். நிறையவில்லை, ஒவ்வொரு நாளும் மோட்டருக்குள் தண்ணீர் விட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது என்றால் கிணற்றுக்குள் குழாயின் அடியில் தண்ணீரைத் திரும்ப விடாமல் பிடிக்கும் புட்வால்வு ஒழுகுகிறது என்று பொருள். வன்னியில் பாதி வீடுகளில் இந்தக் கதைதான். மோட்டர் முக்கிக்கொண்டு நிற்கும். வீட்டுக்காரர் "கிணற்றில் தண்ணீர் வற்றிவிட்டது" என்பார். எட்டிப் பார்த்தால் தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

குளிர்சாதனப் பெட்டியின் கதவு றப்பரை ஒரு கடதாசித் துண்டால் சோதியுங்கள். கடதாசியை நடுவில் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்தால், இறுக்கமாக வர வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் குளிர் வெளியே போகிறது. பின்பக்கம் சுவரோடு ஒட்டி நிற்கவும் கூடாது.

இவ்வளவையும் பார்த்த பிறகு மின்குமிழைப் பற்றிப் பிள்ளைகளோடு சண்டை பிடிக்க நேரமிருந்தால் பிடியுங்கள்.

மல்லாவிப் பூவரசு

மோட்டருக்குள் ஒவ்வொரு நாளும் தண்ணீர் விடுகிறோம்! அது மோட்டரின் இயல்பு என்றல்லவா நினைத்திருந்தோம். நன்றி தம்பி.

ஆச்சி பேத்தி

எல்லோரும் வாட் கணக்குக்குப் போய்விட்டீர்கள். "இருட்டுக்குள் இருந்தது போதாதா" என்ற கேள்வியைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

நான் முள்ளியவளையில் அம்மம்மாவோடு இருக்கிறேன். அவர் ஒரு ஜாம் போத்தலை இன்னும் எறியாமல் வைத்திருக்கிறார். 1990களில், பொருளாதாரத் தடைக் காலத்தில் செய்த விளக்கு. போத்தலின் அடியில் பஞ்சு. அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய். சைக்கிள் வால்வுக்குள் கோத்த நூல்தான் திரி. சுடர் போத்தலுக்குள்ளேயே நிற்பதால் காற்றுக்கு லேசில் அணையாது. ஆனால் கண்ணாடி கரிபிடிக்கும். மாலையில் சாம்பல் தொட்டுத் துடைத்தால்தான் அன்றிரவு எழுத்துத் தெரியும். அம்மா அந்த வெளிச்சத்தில்தான் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்தார். மண்ணெண்ணெய், பற்றரி, சவர்க்காரம் எதுவும் வராத காலம். பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்திருக்கிறார்கள். சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு மிதித்து, டைனமோவில் வானொலி கேட்டிருக்கிறார்கள்.

இன்று ஒருவர் வந்து "மின்சாரத்தை மிச்சம் பிடியுங்கள், பொருட்களை மீண்டும் பாவியுங்கள்" என்று அவர்களுக்கு வகுப்பெடுத்தால் எப்படி இருக்கும்? அம்மம்மாவுக்கு அது அறிவுரையாகக் கேட்பதில்லை. தடை திரும்பி வருவதாகக் கேட்கிறது. அவருக்கு வெளிச்சம் என்பது சண்டை முடிந்து, தறப்பாள் கொட்டிலில் இருந்து எழும்பி, கல்வீடு கட்டி, கடைசியில் கம்பம் நட்டு வந்து சேர்ந்த ஒன்று. முற்றத்து விளக்கை விடியும் வரை எரியவிடுவார். நான் அதில் கை வைப்பதில்லை. குமிழை மட்டும் 9 வாட்டுக்கு மாற்றிவிட்டேன். அவருக்கு வித்தியாசம் தெரியாது. தெரிந்தாலும் கவலைப்பட மாட்டார்.

இன்னொன்று. எங்கள் வீட்டில் மிகக் குறைவாகக் குப்பை போடுகிறவர் அவர்தான். பால்மாத் தகரம் அரிசிச் சுண்டாக இருக்கிறது. கிழிந்த சேலை கைபிடித் துணியாகி, பிறகு கால்மிதியாகி, கடைசியில் அடுப்பு மூட்டப் போகிறது. ஊமல், பொச்சு, சிரட்டை மூன்றையும் தனித்தனியாகக் குவித்து வைத்திருப்பார். எது எந்தச் சமையலுக்கு என்று அவருக்குத்தான் தெரியும். அதற்கெல்லாம் அவர் பெயர் வைத்ததே இல்லை. பூவரசு அக்கா, உங்கள் மாமியோடு வாதாடாதீர்கள். அவரிடம் ஏதாவது ஒரு பொறுப்பைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிப் பாருங்கள்.

குளக்கட்டு

நல்ல பதிவு. எனக்கும் அந்த விளக்கு தெரியும், கையைச் சுட்டிருக்கிறேன். ஆனால் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அன்று நாங்கள் ஒருவரும் ஊக்கம் பெற்று அதைச் செய்யவில்லை. வேறு வழியில்லை, செய்தோம். வழி இருக்கும்போது யார் செய்வார்கள்? 2022இல் எரிவாயுச் சிலிண்டருக்கு வரிசையில் நின்றபோது ஊர் முழுக்க விறகடுப்பு மூட்டினோம். எரிவாயு வந்ததும் அடுப்புக்கல்லின் மேல் பூச்சாடி வைத்தோம். அந்த ஆண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 87 ரூபாயிலிருந்து 340 ஆனது. அன்று எல்லோரும் சிக்கனவாதிகள். பூவரசு ஆசிரியையின் உற்சாகம் தங்கவில்லை என்றால் அது அவருடைய குறை அல்ல. மனிதர் அப்படித்தான்.

பேர்லின் பனை

நான் கிளிநொச்சியில் பிறந்து ஜெர்மனியில் இருக்கிறேன். இங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் நிறம் நிறமாகத் தொட்டிகள். கடதாசிக்கு, உயிர்க் கழிவுக்கு, பொதிக்கு என்று பிரித்துத்தான் போட வேண்டும். பிழையாகப் போட்டால் எடுக்காமல் விட்டுவிட்டுப் போவார்கள். எங்கள் ஊரிலும் அந்த ஒழுக்கம் வந்தால்

விசுவமடுக் கமக்காரன்

தம்பி, இடையில் வெட்டுவதற்கு மன்னிக்கவும். எங்கள் ஒழுங்கைக்குத் தொட்டியும் இல்லை, அதை எடுக்க வண்டியும் இல்லை. நிறம் பூசி யாரிடம் காட்டுவது?

பேர்லின் பனை

பதிவு பாதியில் போய்விட்டது, அண்ணா. ஒழுக்கத்தைப் பற்றி எழுதியதை விடுங்கள். நான் சொல்ல வந்தது இது: இங்கே தண்ணீர், சோடாப் போத்தல்களுக்கும் தகரப் பேணிகளுக்கும் 25 யூரோ சதம் வைப்புப்பணம் உண்டு. 2003இல் கொண்டுவந்தார்கள். கடையில் இயந்திரத்துக்குள் போட்டால் காசு திரும்பி வரும். என் பிள்ளைகள் போத்தல் பொறுக்குவது சூழல் நேயத்தால் அல்ல, ஐஸ்கிரீமுக்காக. நல்லவர்களாக இருக்கச் சொல்லி யாரையும் கேட்க வேண்டியதில்லை. எங்கள் ஊரிலும் கண்ணாடிச் சோடாப் போத்தலுக்குக் கடையில் காசு பிடித்து வைக்கும் வழக்கம் இருந்ததே?

விசுவமடுக் கமக்காரன்

இருந்தது. வெறும் போத்தலைக் கொடுக்காமல் நிறைபோத்தலைத் தரமாட்டார்கள். பிளாஸ்டிக் போத்தல் வந்து அதைக் கெடுத்தது. பழைய இரும்பு எடுக்க வருகிறவர் இப்போதும் பிளாஸ்டிக் போத்தலை நிறுத்து வாங்குகிறார், ஆனால் கிலோவுக்குக் கொடுப்பது ஒரு தேநீருக்குத்தான் காணும். அதனால் நான் எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்: போத்தல், தகரம், பழைய அலுமினியம் எல்லாம் அவர்களின் சொத்து, விற்ற காசில் அப்பாவுக்கு உரிமை இல்லை. அன்றிலிருந்து எங்கள் உரப்பைக்குள் பொலித்தீன் கலந்ததில்லை. சின்னவன் காவல் இருக்கிறான்.

பூவரசு ஆசிரியைக்குக் கிடங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் காலநிலையில் புத்தகத்தில் உள்ளபடி கூட்டெரு செய்யப் போனால் மனம் விட்டுப்போகத்தான் செய்யும். ஆடி, ஆவணியில் கச்சான் காற்று அடிக்கும்போது குவியல் காய்ந்து சருகாகக் கிடக்கும், உக்காது. மார்கழியில் மழை பிடித்தால் குளமாகி நாறும். ஈரம் பார்க்க வேண்டும், புரட்ட வேண்டும், மூட வேண்டும். மரக்கறித் தோட்டம் செய்கிறவனுக்கு அந்த உழைப்புக்குப் பலன் இருக்கிறது. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு எதற்கு? வாழை இருக்கிறதா? வாழையைச் சுற்றி ஒரு முழ ஆழத்தில் வாய்க்கால் மாதிரி வெட்டுங்கள். குசினிக் கழிவை ஒரு பக்கத்தில் போட்டு, மேலே மண்ணையும் சருகையும் தள்ளிக்கொண்டே சுற்றி வாருங்கள். ஒரு சுற்று முடிவதற்குள் முதலில் போட்டது மண்ணாகியிருக்கும். பாத்திரம் கழுவுகிற தண்ணீரையும் அங்கேயே விட்டால் ஈரமும் நிற்கும். கீரியும் கோழியும் கிளறுவது மூடாததால்தான். மீன் செதிலைக் கொஞ்சம் ஆழமாகப் புதையுங்கள், இல்லாவிட்டால் நாய் விடாது.

பொச்சைச் சும்மா எரிக்க வேண்டாம். தென்னைக்குப் பக்கத்தில் குழி வெட்டி அடுக்கி மூடினால் கோடையில் அது தண்ணீரைப் பிடித்து வைத்திருந்து கொடுக்கும்.

ஒழுங்கைக் கடைசி வீடு

இவ்வளவு பாடு எதற்கு? எங்கள் ஊரில் சாயங்காலம் முற்றம் கூட்டிச் சருகோடு பொலித்தீனையும் சேர்த்துக் கொளுத்துவோம். நுளம்பும் போகும். எங்கள் தகப்பன் காலத்திலிருந்து இப்படித்தான்.

ஆச்சி பேத்தி

உங்கள் தகப்பன் காலத்தில் முற்றத்தில் சருகு மட்டும்தான் இருந்திருக்கும். அந்தப் புகையை முதலில் குடிப்பது கூட்டுகிறவர். அது எப்போதும் பெண்தான். பீவீசீ மாதிரிக் குளோரின் கலந்த பிளாஸ்டிக் எரிந்தால் டயொக்சின் என்ற நஞ்சு வரும்; எந்தப் பையில் என்ன இருக்கிறது என்று நெருப்புக்கு முன்னால் நின்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. கொழும்புப் பக்கம் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு 2017 ஏப்ரல் 14ஆம் திகதி சரிந்து வீடுகளை மூடியது ஞாபகம் இருக்கும். அதே ஆண்டு செப்டெம்பரில்தான் 20 மைக்ரோன் தடிப்புக்குக் குறைந்த பொலித்தீனையும் சோற்றுப் பார்சல் கட்டும் லஞ்ச் சீட்டையும் தடை செய்தார்கள். திறந்த வெளியில் எரிப்பதையும் அப்போதே தடுத்தாயிற்று.

ஒழுங்கைக் கடைசி வீடு

சட்டம் கொழும்பில் இருக்கிறது தங்கச்சி. லஞ்ச் சீட்டு இன்றைக்கும் எங்கள் சந்திக் கடையில் இருக்கிறது. வண்டி எங்கள் ஒழுங்கைக்கு வராது, பிரதான வீதியோடு திரும்பிவிடும். எரிக்காதே என்கிறீர்கள். சரி. எங்கே போடுவது? காட்டில் போட்டால் மாடு தின்கிறது. வாய்க்காலில் போட்டால் மதகை அடைக்கிறது. அம்பாறைப் பக்கம் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் யானைகள் பொலித்தீனைத் தின்று செத்ததை நானும் வாசித்தேன். நாங்கள் மிருகம் இல்லை, எங்களுக்கும் கவலை இருக்கிறது. இடம் சொல்லுங்கள்.

நெறியாளர்

கேள்வி நியாயமானது. பதில் சொல்கிறவர்கள் குரலை உயர்த்தாமல் சொல்லுங்கள்.

விசுவமடுக் கமக்காரன்

நியாயம்தான். நாங்கள் செய்வதைச் சொல்கிறேன், பெரிய வித்தை இல்லை. பொலித்தீனைக் கழுவி வெயிலில் காயவிட்டால் நாறாது, எறும்பு வராது. காய்ந்ததை மடக்கி உரப்பைக்குள் அமுக்கினால் ஒரு பை நிறையப் பல நாளெடுக்கும். நிறைந்ததும் ஒழுங்கையில் உள்ள நாலைந்து வீட்டுப் பைகளையும் ஒரு உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிப் பிரதான வீதியில் வண்டி நிற்கிற இடத்தில் கொடுக்கிறோம். அன்றைக்கு நெல்லோ உரமோ ஏற்றப் போகிறவர் யாரோ அவருடைய முறை. ஈரக்கழிவு உள்ளே இல்லாததால் அவர்களும் முகம் சுளிக்காமல் எடுக்கிறார்கள். பாதிப் பாரம் ஈரக்கழிவுதான். அது வாழைக்குப் போய்விட்டால் மிச்சம் காற்றுப் போல.

எடுக்கவே முடியாத சாமான் ஒன்று உண்டு: 400 கிராம் பால்மாப் பைக்கற்றும் பிஸ்கற் உறையும். உள்ளே வெள்ளித்தாள், வெளியே பிளாஸ்டிக். இரும்புக்காரரும் வாங்க மாட்டார். அதற்கு வழி அது வீட்டுக்குள் வராமல் பார்ப்பதுதான். நாங்கள் பக்கத்து வீட்டில் போத்தல் கொடுத்துப் பசுப்பால் எடுக்கிறோம். பிஸ்கற்றுக்கு என்னிடம் பதில் இல்லை, பிள்ளைகளிடம் கேளுங்கள்.

ஒழுங்கைக் கடைசி வீடு

முறை வைத்து ஏற்றுவது நடக்கக் கூடியது. எங்கள் ஒழுங்கையில் இரண்டு உழவு இயந்திரம் நிற்கிறது. கேட்டுப் பார்க்கிறேன். அதுவரைக்கும் எரிப்பேன், பொய் சொல்ல மாட்டேன்.

ஆச்சி பேத்தி

அதுவரைக்கும் சருகை மட்டும் எரியுங்கள் அண்ணா.

கோயில் திருவிழாவைப் பற்றியும் யாராவது பேச வேண்டும். வற்றாப்பளை அம்மனுக்கு உப்புத்தண்ணீரில் விளக்கெரிக்கும் மரபு உள்ள ஊர் எங்களுடையது. அந்த அம்மனின் வைகாசிப் பொங்கலுக்கு வருகிற சனத்துக்குத் தண்ணீர்ப்பந்தலில் பிளாஸ்டிக் கோப்பையில் மோர் ஊற்றினால் விடிய வீதியெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும். குளத்தில் தாமரையிலை பிடுங்கி அன்னதானம் போட்ட இடம் இது. பிளாஸ்டிக் கரண்டி, உறிஞ்சுகுழாய், பூமாலை, இடியப்பத் தட்டு எல்லாவற்றையும் 2023 ஒக்டோபரில் தடை செய்தார்கள். கடையில் இன்னமும் சிரித்துக்கொண்டு எடுத்துத் தருகிறார்கள்.

குளக்கட்டு

பனையோலை நீற்றுப்பெட்டியும் பிரம்புத் தட்டும் பின்னுகிறவர்கள் இருந்த ஊருக்குப் பிளாஸ்டிக் இடியப்பத் தட்டு வந்ததே ஒரு வேடிக்கை. தடையை நான் வரவேற்கிறேன். இதைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள், நான் எதையாவது வரவேற்பது அபூர்வம்.

மல்லாவிப் பூவரசு

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கமக்காரன் ஐயா சொன்னபடி கிடங்கைக் கைவிட்டு வாழையைச் சுற்றி வெட்டினோம். அந்தப் பொறுப்பை மாமியிடம் கொடுத்தேன். கொடுத்தேன் என்பதைவிட, "வாழைக்கு எவ்வளவு ஆழம் வெட்ட வேண்டும்?" என்று கேட்டேன், அவர் மண்வெட்டியைப் பறித்துக்கொண்டார் என்பதே சரி. இப்போது தேங்காய்ப்பூச் சக்கையையோ மரக்கறித் தோலையோ வேறெங்கும் போட அவர் விடுவதில்லை. பிள்ளைகள் நடுங்குகிறார்கள்.

ஒரு கேள்வி மிச்சம். வீட்டுக்காரர் மின்கட்டணப் பட்டியலை முதன்முறையாக என்னிடம் காட்டினார். மாதத்துக்கு 70 அலகுக்கு மேல்தான் எப்போதும். "ஐந்தோ ஆறோ குறைத்தால் நூறு ரூபாயும் மிஞ்சாது, அதற்காகவா இந்தப் பாடு?" என்கிறார். அவர் கணக்கு வாத்தியார் வேறு. என்ன சொல்லட்டும்?

பரந்தன் மின்கம்பி

கணக்கு வாத்தியாருக்கு ஏற்ற கேள்விதான். விலை அடிக்கடி மாறுகிறது; 2022 ஓகஸ்டில் சராசரி 75 வீதம் கூட்டினார்கள், 2023 பெப்ரவரியில் 66 வீதம், பிறகு குறைத்தார்கள், பிறகும் கூட்டினார்கள். ஆனால் கட்டண அமைப்பில் ஒரு படி இருக்கிறது. மாதத்துக்கு 60 அலகுக்குள் நிற்கிற வீட்டுக்கு முதல் 30க்கு ஒரு மலிவு விலை, அடுத்த 30க்கு இன்னொன்று. 61ஆவது அலகில் கால் வைத்தால், அந்த ஓர் அலகுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. முதல் 60க்கும் வேறு விலை வந்துவிடும், நிலைக்கட்டணமும் ஏறும். அதாவது 75இலிருந்து 70க்கு இறங்கினால் அவர் சொல்வது சரி, பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. 62இலிருந்து 59க்கு இறங்கினால் பட்டியலின் முகமே மாறும். மேலே 90, 120, 180 என்றும் படிகள் உண்டு. 120ஐத் தாண்டிய வீட்டுக்காரருக்கு நான் சொல்வது வேறு.

உங்கள் வீட்டுக்கு இலக்கு 60தான். பழைய மின்விசிறி ஒன்றை மாற்றினால் 13 அலகு. ரைஸ் குக்கர் வயரைக் கழற்றினால் 7. அதற்கு மேல் விளக்கைப் பற்றி ஒருவரையும் ஏச வேண்டாம்.

ஸ்திரிக்கைப் பெட்டி இருந்தால் ஒரு கிழமைக்கான பள்ளி உடுப்பை ஒரே தடவையில், பகலில் போடுங்கள். மாலை ஆறரையிலிருந்து பத்தரை வரைதான் நாட்டில் மின்சாரத் தேவை உச்சம். அந்த நேரத்துக்குத்தான் விலை கூடிய எண்ணெயை எரிக்கிறார்கள். பகலில் சூரிய மின்சாரம் மிஞ்சிக் கிடக்கிறது. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சூரியப் படல்களைப் பகலில் நிறுத்தி வைக்கச் சொல்லிக் கேட்கும் அளவுக்கு மிஞ்சியது. குளக்கட்டு அண்ணாவின் நாட்டுக் கணக்குக்கும் இது கொஞ்சம் உதவும்.

குளக்கட்டு

என்னை இழுக்காமல் உங்களுக்குப் பதிவு முடியாதா? பகலில் அயல்வீட்டுச் சூரியனில் ஸ்திரிக்கை போடுவது நல்ல யோசனைதான். சூரியப் படல் போட எனக்கும் ஆசை, இலட்சங்களைக் கேட்டால் ஆசை தானாக அணைகிறது.

மல்லாவிப் பூவரசு

வீட்டுக்காரர் இதை வாசித்துவிட்டுப் பழைய பட்டியல்களை எல்லாம் எடுத்து மேசையில் பரப்பி வைத்திருக்கிறார். 60க்கும் 61க்கும் இடையிலான வித்தியாசத்தைத் தாளில் போட்டுப் பார்த்துவிட்டு, "இது அநியாயம்" என்றார். இப்போது ரைஸ் குக்கர் வயரை அவரே கழற்றுகிறார். பூமிக்காக அல்ல, அந்தப் படியில் தோற்கக் கூடாது என்பதற்காக. எனக்கு அது போதும்.

அவருடைய சந்தேகம்: மானி வாசிக்கிறவர் சில மாதங்களில் பிந்தி வருகிறார். 34 நாளுக்கு வாசித்தால் 60ஐத் தாண்டிவிடாதா?

பரந்தன் மின்கம்பி

தாண்டாது. பட்டியலில் எத்தனை நாட்களுக்கான வாசிப்பு என்று இருக்கும். படிகளையும் அந்த நாட்களுக்கு ஏற்ப விரித்துத்தான் கணிக்கிறார்கள். 34 நாளென்றால் உங்கள் எல்லை 68. ஐயாவிடம் சொல்லுங்கள், நாளுக்கு இரண்டு அலகு என்று பிடித்தால் கணக்கு எளிது. இரவு படுக்கப் போகும்போது மானியைப் பார்த்து எழுதினால் அன்றன்றைக்கே தெரிந்துவிடும்.

புட்வால்வு மாற்றினீர்களா?

மல்லாவிப் பூவரசு

இன்னும் இல்லை. ஆள் தேடுகிறோம்.

பரந்தன் மின்கம்பி

மல்லாவியிலேயே குழாய் வேலை செய்கிறவர்கள் இருப்பார்கள். தண்ணீர் மட்டம் இறங்கியிருக்கும் இந்த மாதத்திலேயே செய்துவிடுங்கள். மாரி தொடங்கினால் கிணற்றுக்குள் வேலை செய்வது கரைச்சல். குழாயை மேலே இழுக்கும்போது இரண்டு பேர் பிடிக்கட்டும், இல்லாவிட்டால் மூட்டில் வெடிக்கும். புதியதைப் பூட்டும்போது கிணற்றின் அடியிலிருந்து ஓர் அடியாவது உயர்த்தி வையுங்கள். சேற்றில் இருந்தால் மணல் ஏறி மறுபடியும் ஒழுகும்.